உருவம் ஒரு சுருளில், குரல் ஒரு தட்டில்

திண்டிவனத்தில் எம் பழைய இல்லத்துப் பரணில் ஒரு தகரப் பெட்டி நெடுங்காலம் கிடந்தது. அதனுள் நான்கு சிறு படச்சுருள்களும் ஓர் ஒலிநாடாச் சுருளும் இருந்தன. 1969ஆம் ஆண்டு மே மாதம் எம் தமக்கையார் திருமணத்தின்போது பதிவானவை அவை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, ஓய்வூதியம் பெற்றுப் புதுச்சேரியில் குடியேறியிருந்த தாய்மாமன், கைக்கடக்கமான சூப்பர் 8 படக் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அக்கருவி உருவத்தை மட்டுமே பதிவு செய்யும். குரலைப் பதிவு செய்யாது. ஆகவே இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை விருந்துப் பந்தலின் மூலையில் ஒரு முக்காலியின்மேல் வைத்திருந்தார். பந்தியின் முடிவில் எம் தந்தையார் எழுந்து மணமக்களை வாழ்த்திப் பேசினார். உருவம் சுருளில் ஏறியது. குரல் நாடாவில் ஏறியது.

சுருள்கள் இன்றும் உள்ளன. நாடா இல்லை. நாடா என்னும் பொருள் அழியவில்லை. அதிலிருந்த குரல்தான் அழிந்தது. அழித்தவர் நாமே. பள்ளி இறுதி வகுப்பில் படித்த நாளில், வானொலியில் வந்த பாடல்களை அதே நாடாவின்மேல் பதிவு செய்துவிட்டோம். அப்போது தந்தையார் உயிருடன் இருந்தார்; அவர் குரல் நாள்தோறும் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. நாள்தோறும் கேட்கும் குரலைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? இன்று அப்படத்தை ஓட்டிப் பார்க்கும்போது அவர் எழுகிறார், மேல்துண்டைச் சரிசெய்கிறார், உதடுகள் அசைகின்றன. ஓசை இல்லை.

இது எம் ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. சலனப்படம் பிறந்த நாள்தொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் இதே துன்பத்தைப் பட்டது. உருவத்தைப் பிடிக்கும் கருவி ஒன்று, குரலைப் பிடிக்கும் கருவி மற்றொன்று என்று பிரிந்து கிடந்த அவ்விரண்டையும் இணைக்க மனிதர் பட்ட பாட்டை இக்கட்டுரையில் காண்போம். அவ்வரலாற்றில் நம் சென்னைக்கும், விழுப்புரமும் திண்டிவனமும் அமைந்த இரயில் பாதைக்கும் ஓர் இடம் உண்டு.

கண்ணுக்கும் காதுக்கும் இடையே

தாமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டு குரலைப் பதிவு செய்யும் போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்தார். காதுக்கு அக்கருவி செய்ததைக் கண்ணுக்குச் செய்யும் கருவி ஒன்றை உருவாக்க முனைவதாக 1888இல் எழுதிவைத்தார். அந்தப் பொறுப்பை ஏற்றவர் அவரிடம் பணியாற்றிய வில்லியம் டிக்சன் என்பவர். 1894ஆம் ஆண்டின் இறுதியிலோ 1895இன் தொடக்கத்திலோ டிக்சன் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒலி வாங்கும் பெரிய கூம்பின் முன் நின்று அவர் வயலின் வாசித்தார். அருகில் இருவர் கைகோத்து ஆடினர். படக் கருவி அதனைப் படம் பிடித்தது. மெழுகு உருளையில் இசை பதிவாகியது. இருபது விநாடிகளுக்கும் குறைவாக ஓடும் அப்படமே உருவத்தையும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்ய எடுத்த முதல் முயற்சிகளுள் இன்று எஞ்சியிருப்பது.

அதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. படச்சுருள் ஓரிடம் சென்றது. மெழுகு உருளை வேறோரிடத்தில் உடைந்து கிடந்தது. நூறாண்டுக் காலம் அப்படம் ஊமைப்படமாகவே அறியப்பட்டது. எடிசன் நினைவகத்தில் கிடந்த உருளையின் துண்டுகளை ஒட்டி, அதிலிருந்த இசையை மீட்டு, கணிப்பொறியின் துணையால் இரண்டையும் பொருத்தினர். 2000ஆம் ஆண்டில்தான் டிக்சனின் வில் அசைவும் வயலின் ஓசையும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

அதே டிக்சன் 1898ஆம் ஆண்டு உரோமை நகர் சென்று, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரை வத்திக்கான் தோட்டத்தில் படம் பிடித்தார் என்பது கத்தோலிக்கராகிய நமக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1810இல் பிறந்த அம்முதியவர் வண்டியில் வருவதும், இருக்கையில் அமர்ந்து ஆசி வழங்குவதும் அப்படத்தில் உள்ளன. ஆனால் அதில் குரல் இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1903இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பெத்தினி என்பவர் அவர் குரலை உருளையில் பதிவு செய்தார். நடுங்கும் குரலில் இலத்தீன் மொழியில் மங்கள வார்த்தை செபத்தை அவர் சொல்வதை இன்றும் கேட்கலாம். இப்போது அப்படத்தின்மீது அக்குரலை ஏற்றிக் காட்டுகின்றனர். பார்ப்போர் ஒரே நேரத்தில் பதிவானவை என்று எண்ணிவிடுவர். உண்மையில் உருவத்துக்கு வயது எண்பத்தெட்டு, குரலுக்கு வயது தொண்ணூற்று இரண்டு.

மார்கரீத் மலர் பொறித்த கருவி

எடிசன் நிறுவனத்தார் 1895இல் ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் பெட்டிக்குள் போனோகிராபை வைத்து, காதில் குழாய் செருகிக் கேட்கும்படி செய்தனர். படமும் பாட்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓடினவேயன்றி, அசையும் உதட்டுக்கும் எழும் சொல்லுக்கும் தொடர்பு இருக்கவில்லை. அத்தொடர்பை ஏற்படுத்துவதில் ஓரளவு வென்றவர் பிரான்சு நாட்டு லியோன் கோமோன். தம் அன்னையின் பெயராகிய மார்கரீத் என்னும் மலரையே நிறுவனச் சின்னமாகக் கொண்டவர் அவர்.

கோமோன் 1902ஆம் ஆண்டு பாரிசில் குரோனோபோன் என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். திரைக்கு அருகே கிராமபோன் இருக்கும். அரங்கின் பின்புறம் படம் காட்டும் கருவி இருக்கும். இரண்டையும் இயக்கும் மின்விசைப் பொறிகள் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஒன்றன் வேகத்தை மற்றது பின்பற்றியது. சிறிது பிசகினால் இயக்குபவர் கைப்பிடியைத் திருகிப் படத்தை முடுக்கவோ தாழ்த்தவோ செய்வார். படம் எடுக்கும் முறையும் விந்தையானது. முதலில் பாடகர் கூம்பின் அருகே நின்று பாடி இசைத்தட்டில் பதிவு செய்வார். பிறகு அத்தட்டை ஒலிக்கவிட்டு, அதற்கேற்பப் படக் கருவியின்முன் வாயசைப்பார். இன்றும் நம் திரைப்படப் பாடல்கள் இவ்வாறே படமாக்கப்படுகின்றன. கோமோனுக்காக இத்தகைய படங்களை நூற்றுக்குமேல் இயக்கியவர் ஆலிஸ் கீ என்னும் பெண்மணி. உலகின் முதல் பெண் திரைப்பட இயக்குநராகப் போற்றப்படுபவர்.

ஆயினும் அக்கால இசைத்தட்டின் ஓசை பெரிய அரங்கை நிரப்பப் போதாது. மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் வழி அப்போது இல்லை. கோமோன் அழுத்தப்பட்ட காற்றைக் கூம்பினுள் செலுத்தி ஒலியைப் பெருக்கினார். அவ்வாறு மேம்படுத்திய கருவியே குரோனோமெகாபோன். கடல் கடந்து சென்னைக்கு வந்தது இக்கருவிதான்.

சென்னையும் நம் இருப்புப்பாதையும்

ரகுபதி வெங்கய்யா மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்து ஒளிப்படக் கூடம் நடத்தியவர். கோமோன் கருவியைப் பற்றி அறிந்ததும் தம் ஒளிப்படக் கூடத்தை அடகுவைத்து, ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவில் அதனை வரவழைத்தார் என்பர். அரசு எழுத்தர்கள் மாதம் இருபது, முப்பது ரூபாய் ஊதியம் பெற்ற காலம் அது. 1910ஐ ஒட்டிச் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் அவர் பேசும் படங்களைக் காட்டினார். பின்னர் கருவியுடன் தென்னாட்டு ஊர்களுக்கும், இலங்கைக்கும் பர்மாவுக்கும் பயணம் செய்தார். சென்னையில் கெயிட்டி, கிரவுன், குளோப் ஆகிய அரங்குகளைக் கட்டியவரும் அவரே. தமிழில் பேசும்படம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, நம் மாநிலத்தில் திரையுருவம் இசைத்தட்டின் துணையோடு பாடிக்காட்டிவிட்டது என்பதை நம்மில் பலர் அறியோம்.

அவருக்கும் சற்று முன்னவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரில் 1883இல் பிறந்த கத்தோலிக்கர்; திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டு டூபாண் என்னும் பிரெஞ்சுக்காரர் படக் கருவியோடு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் குன்றிய அவர் தாயகம் திரும்ப விரும்பி, கருவியையும் சுருள்களையும் விற்க முன்வந்தார். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைப் பெரும் சிரமத்தோடு திரட்டி வின்சென்ட் அவற்றை வாங்கினார். அச்சுருள்களுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. இரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்ட அவ்விளைஞர் வடக்கே பெஷாவர் வரையிலும், கிழக்கே பர்மா வரையிலும் சென்று படம் காட்டினார். சென்னையில் அவர் அமைத்த கூடாரக் கொட்டகையின் பெயர் 'எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன்'. படமும் ஒலியும் இணைய வேண்டும் என்னும் அக்கால மக்களின் வேட்கை அப்பெயரிலேயே தெரிகிறது. 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அவர் கட்டினார். அவ்வரங்கு பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறியபோதும், அது அமைந்த தெரு வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்கியது.

இங்கே நம் ஊர்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் திருச்சியிலிருந்து சென்னை செல்லும் தென்னிந்திய இரயில்வேயின் முதன்மைப் பாதை தஞ்சை, கும்பகோணம், மாயவரம், கடலூர் வழியாக விழுப்புரத்தை அடைந்து, திண்டிவனம், செங்கல்பட்டைக் கடந்து சென்னை சேர்ந்தது. 1879ஆம் ஆண்டு முதல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குக் கிளைப்பாதையும் இருந்தது. எனவே தெற்கிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து தெற்கிற்கும் இரயிலில் சென்ற படக் கருவிகளும் கூடாரத் துணிகளும் சுருள் பெட்டிகளும் நம் நிலையங்களைக் கடக்காமல் சென்றிருக்க இயலாது. விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறும் பயணிகள் தேநீர் அருந்திக் காத்திருந்த நடைமேடையில், பாரிசில் செய்த கருவிகளும் மரப்பெட்டிக்குள் காத்திருந்திருக்கும்.

படம் ஊமையாக ஓடிய காலத்தில் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வது வழக்கம். எழுத்தறியா மக்களுக்கு அவரே திரையின் நாவாக விளங்கினார். அவர் சொல்வது எல்லாம் படத்தில் உள்ளதுதானா என்று யாரும் வினவியதில்லை. உருவத்துக்குப் பக்கத்தில் உயிருள்ள குரல் ஒன்று இருந்தால் போதும் என்று மக்கள் மனம் நிறைந்தனர். இந்தக் கதைசொல்லியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் அவரை மீண்டும் சந்திப்போம்.

பதினாறு அங்குலத் தட்டு

மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் முறை வந்ததும் இசைத்தட்டு முறைக்குப் புத்துயிர் கிடைத்தது. அமெரிக்காவில் வார்னர் நிறுவனத்தார் வைட்டாபோன் என்ற பெயரில் 1926 ஆகஸ்டில் அதை அறிமுகப்படுத்தினர். 1927 அக்டோபரில் வெளியாகி உலகைப் பேசும்படத்தின் பக்கம் திருப்பிய 'ஜாஸ் சிங்கர்' இம்முறையில் எடுக்கப்பட்டதே.

இம்முறையின் கணக்கு அழகானது. ஆயிரம் அடிச் சுருளில் 16,000 படங்கள் இருக்கும். விநாடிக்கு 24 படங்கள் என ஓட்டினால் அது பதினோரு நிமிடங்கள் ஓடும். அதே பதினோரு நிமிடங்கள் ஒலிக்கும்படி, பதினாறு அங்குல அகலத் தட்டு ஒன்று நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றைச் சற்றே மிஞ்சிய வேகத்தில், அதாவது மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று என்ற அளவில், சுழன்றது. நாம் அறிந்த இசைத்தட்டுகளில் ஊசி விளிம்பிலிருந்து நடுவே செல்லும். இதில் நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும். சுருளின் தொடக்கத்தில் ஒரு குறி. தட்டில் ஓர் அம்புக்குறி. இரண்டையும் பொருத்தி ஒருசேர இயக்க வேண்டும்.

பொருந்தி ஓடும் வரையில் அது அற்புதம். பொருந்தாவிட்டால் நகைப்பு. ஊசி ஒரேயொரு பள்ளத்தைத் தாவினால் 1.8 விநாடி பிசகிவிடும். அதற்குள் திரையில் நாற்பத்து மூன்று படங்கள் கடந்துவிடும். அதன்பின் கதாநாயகியின் வாயிலிருந்து கதாநாயகன் குரல் வரும். சுருள் அறுந்து, பழுதான பகுதியை வெட்டி எறிந்து ஒட்டினாலும் இதே கதிதான். எத்தனைப் படங்கள் வெட்டப்பட்டனவோ, அத்தனைக் கறுப்புப் படங்களை எண்ணி அவ்விடத்தில் சேர்க்க வேண்டும். இருளையாயினும் அளவு குறையாமல் வைத்தால்தான் பின்வரும் சொற்கள் தம் இடத்தில் வந்து அமரும். தட்டுகளோ ஏறத்தாழ இருபது முறை ஒலித்ததும் தேய்ந்துவிடும். எத்தனை முறை ஒலித்தது என்று குறிப்பதற்கே தட்டின் மேல்தாளில் கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன.

வீட்டுக்கு வந்த திரை

கொட்டகைக்குரிய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. ஆகவே வீட்டில் படம் காட்டுவதற்குத் தீப்பற்றாத மெல்லிய சுருள்களைப் பாத்தே நிறுவனத்தார் 1912ஆம் ஆண்டிலேயே விற்றனர். அவர்களது அந்த 28 மில்லிமீட்டர் கருவியில் கைப்பிடியைச் சுற்றினால் படமும் ஓடும். உடன் சுழலும் சிறு பொறியினால் விளக்கும் எரியும். மின்சாரம் இல்லாத வீட்டிலும் திரை ஒளிர்ந்தது. 1922இல் அதே நிறுவனத்தின் 9.5 மில்லிமீட்டர் 'பாத்தே பேபி'யும், 1923இல் கோடக் நிறுவனத்தின் 16 மில்லிமீட்டரும் வந்தன. செல்வர் வீட்டுக் குழந்தைகளின் பிறந்த நாளும், குடும்பப் பயணமும் சுருளில் ஏறத் தொடங்கின.

வெளியே கொட்டகையில் படம் பேசத் தொடங்கியதும் வீட்டுக்குள் ஊமைப்படம் பார்த்தவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் படக் கருவியோடு இசைத்தட்டு மேடையை இணைத்து விற்கத் தொடங்கினர். படக் கருவிக்கும் தட்டு மேடைக்கும் இடையே வளையும் தண்டு ஒன்று அல்லது பற்சக்கரங்கள் இருக்கும். ஒரே விசைப்பொறி இரண்டையும் சுழற்றும். ஒலி வீட்டு வானொலிப் பெட்டியின் வழியே வரும். 16 மில்லிமீட்டரில் ஓர் அடிக்கு நாற்பது படங்கள். ஆகவே நானூறு அடிச் சுருள் பெரிய கொட்டகைச் சுருளைப் போன்றே பதினோரு நிமிடங்கள் ஓடியது. அதே பதினாறு அங்குலத் தட்டு அதற்குப் பொருந்தியது. நூறு அடிச் சுருளுக்கு வீட்டிலிருக்கும் சாதாரண மூன்று நிமிடத் தட்டே போதும்.

ஆனால் அதன் வாழ்வு குறுகியது. கருவிகள் கடைக்கு வந்த வேளையில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. 1930களின் தொடக்கத்திலேயே 16 மில்லிமீட்டர் சுருளின் ஓரத்தில் ஒலியையும் ஒளிக்கோடாகப் பதிக்கும் முறை வந்துவிட்டது. ஒலியும் உருவமும் ஒரே சுருளில் அமைந்த பின் அறுந்தாலும் சேர்ந்தே அறுந்தன. ஒட்டினாலும் சேர்ந்தே ஒட்டின. இசைத்தட்டு மேடைகள் பழம்பொருள் ஆயின.

இந்தியப் பேசும்படம் பிறந்தபோதே சுருளில் ஒலி பதியும் முறையில் பிறந்தது. 1931 மார்ச்சு 14இல் மும்பையில் 'ஆலம் ஆரா'வும், அதே ஆண்டு அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் டி. பி. இராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' படமும் வெளியாயின. அதே 1931ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வத்திக்கான் வானொலியும் தொடங்கியது. 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. உருவமும் குரலும் ஒன்றாகச் சேர்ந்தும் இரண்டும் ஒன்றாகவே மறைந்தன.

நம் வீடுகளில் ஒலித்தவை

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் சினிமாவின் குரல், சினிமாவின் உருவத்தை விட்டுப் பிரிந்தே வீடுகளுக்குள் நுழைந்தது. கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். சாவி கொடுத்தால் போதும். பாடல் தட்டுகள் வந்தன. நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வந்தன. பிறகு திரைப்பட வசனங்களே தட்டுகளாயின. 1952இல் வந்த 'பராசக்தி', 1965இல் வந்த 'திருவிளையாடல்' போன்ற படங்களின் வசனங்கள் திருமண வீடுகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கியதை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வானொலி ஞாயிறு பிற்பகலில் ஒலிச்சித்திரம் வழங்கியபோது, தெருவே அமர்ந்து படத்தைக் காதால் பார்த்தது. உருவம் கேட்போர் நினைவில் இருந்தது. குரல் தட்டில் இருந்தது. அந்த இரண்டையும் இணைத்த தண்டு நம் மனமே.

மறைக்கல்வி வகுப்புகளிலும் இவ்வாறே நடந்தது. படவில்லைகளைச் சுவரில் காட்டுவர்; விளக்கவுரை ஒலிநாடாவிலிருந்து வரும்; மணியோசை கேட்டதும் அடுத்த வில்லைக்கு மாற வேண்டும். மணியோசையைக் கவனியாது வில்லையை மாற்றத் தவறியதால், காணாமற்போன ஆட்டின் உவமைக்கு ஊதாரி மைந்தன் திரையில் நின்ற வேடிக்கையும் உண்டு.

திரைப்படத்தைத் திருச்சபை தொடக்கத்தில் ஐயத்தோடு நோக்கியது உண்மையே. எனினும் 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் குறித்துத் தனிச் சுற்றுமடல் எழுதினார். அதன் ஆற்றலை உணர்ந்து எச்சரித்ததோடு, நன்மைக்குப் பயன்படுத்தவும் அவர் தூண்டினார். 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய தன் விதித்தொகுப்பை வெளியிட்டது. பொது மக்களுக்கான திரையைப் பற்றியே அவை பெரிதும் பேசுகின்றன. ஒரு குடும்பத்தின் பெட்டியில் கிடக்கும் சிறு சுருளைப் பற்றி எண்ண வேண்டியவர்கள் அக்குடும்பத்தாரே.

பிரிந்தவை சேர்தல்

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு இசைத்தட்டு சேகரிப்போரும் பழம்பட ஆர்வலரும் சிலர் ஒன்றுகூடி 'வைட்டாபோன் திட்டம்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். காப்பகங்களில் ஒலியின்றிக் கிடந்த சுருள்களுக்குரிய தட்டுகளைத் தனியார் வீடுகளிலும் பழைய கொட்டகைகளிலும் தேடினர். தட்டு வைத்திருந்தவருக்கு அது எந்தப் படத்தின் குரல் என்று தெரியாது; சுருள் வைத்திருந்தவருக்குக் குரல் எங்கே என்று தெரியாது. ஆயினும் தட்டின் மேல்தாளில் படத்தின் பெயரும் சுருளின் எண்ணும் அச்சாகியிருந்தன. அந்த ஒரு வரி எழுத்தால் நூற்றுக்கணக்கான படங்கள் எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பின் தம் குரலைத் திரும்பப் பெற்றன.

நம் பெட்டிகளில் உள்ளவற்றின் மேல் அந்த ஒரு வரி உண்டா? 1965இல் வந்த சூப்பர் 8 சுருள் ஒன்று ஐம்பது அடி; மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும். அதில் ஒலி பதியும் வகை 1973இல்தான் வந்தது. அதற்கு முன் எடுத்தவை அனைத்தும் ஊமைச் சுருள்களே. அவற்றுக்குரிய குரல், இருந்தால், வேறெங்கோ ஒரு நாடாவில் இருக்கும். அதன்மேல் யாரேனும் ஒரு சிறுவன் பாட்டுப் பதிவு செய்யாதிருந்தால் இருக்கும். இன்று கைப்பேசியில் உருவமும் குரலும் சேர்ந்தே பதிவாகின்றன. ஆயினும் பெயரும் நாளும் எழுதப்படாத ஆயிரம் பதிவுகளுள் ஒன்றைத் தேடிக் காண்பது, பரணில் தேடுவதைவிட எளிதன்று.

எம் தந்தையார் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின், அந்நான்கு சுருள்களையும் கணினிக்கு மாற்றினோம். அதனை எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருக்கும் அத்தையாரிடம் சென்றோம். தந்தையாரின் தங்கையாகிய அவருக்குத் தொண்ணூறு வயது. பேரன் மடிக்கணினியைத் திறந்து அவர் முன் வைத்தான். விருந்துப் பந்தல் வந்தது, இலைகள் எடுக்கப்பட்டன, தந்தையார் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்தார். அவர் உதடுகள் அசையத் தொடங்கியதும், அத்தையார் திரையைப் பார்த்தவாறே மெல்லப் பேசத் தொடங்கினார். விழுப்புரத்திலிருந்து முதல் நாள் இரவே வந்துசேர்ந்த உறவினர்களுக்கு நன்றி சொன்னாராம். மணமகனைப் பார்த்து, எங்கள் வீட்டில் இவள் குரல் கேட்டுத்தான் பொழுது விடியும், நாளை முதல் உங்கள் வீட்டில் விடியட்டும் என்றாராம். அவ்வளவுதான் அத்தையார்க்கு நினைவில் இருந்தது. அதற்குமேல் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, அவர் வாளாவிருந்தார்.

ஊமைப்படக் கொட்டகையின் கதைசொல்லியை அன்று நேரில் கண்டோம். அத்தையார் சொன்னவை அப்படியே தந்தையார் சொன்னவைதாமா என்று சோதித்தறிய இனி வழியில்லை. சோதிக்க வேண்டும் என்ற எண்ணமும் எமக்கு இல்லை. பேரன் அவர் சொன்னதைத் தன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டான். உருவம் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலுமாக மறுபடியும் இரண்டு பதிவுகள். இம்முறை இரண்டின்மேலும் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதி வைத்தோம். சொல் தெரியாத இடங்களில் எதையும் இட்டு நிரப்பாமல், வெட்டுண்ட சுருளில் கறுப்புப் படங்களைச் சேர்ப்பதுபோல், அந்த மௌனத்தையும் அளவு குறையாமல் அப்படியே விட்டுவைத்தோம்.

உங்கள் இல்லத்திலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அதிலுள்ள முகங்களின் பெயர் சொல்லத்தக்க பெரியவர் ஒருவரும் இன்னும் இருக்கலாம். பெட்டி சில ஆண்டுகள் காத்திருக்கும். பெரியவர் அவ்வளவு நாள் காத்திருப்பார் என்று எண்ணியிருக்க வேண்டாம்.